இரண்டு மாத்திரைகளுக்கு நடுவே

ஓய்வு பெற்ற பிறகாவது இந்தக் கேள்வி என்னை விட்டுவிடும் என்று நினைத்தேன். விடுவதாக இல்லை. போன வாரம் சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கிறேன், பின்னாலிருந்து ஒரு பெண் முழங்கையைத் தொட்டாள். என்னுடைய பழைய நோயாளியாம். "தீதி, என் தங்கைக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. அந்த ஒரு மாத்திரை இருக்கிறதே, அதை வாங்கிக் கொடுத்தால் முடிந்துவிடும்தானே?" என்று வங்காளத்தில் காதோடு காதாகக் கேட்டாள்.

ஒரு மாத்திரை. இருபது வருஷமாக மேடை போட்டுக் கத்தாத குறையாகச் சொல்லி வந்திருக்கிறேன், அது ஒரு மாத்திரை இல்லை என்று.

கொல்கத்தாவுக்குப் படிக்கவும் வேலை பார்க்கவும் வந்திருக்கிற தமிழ் மருத்துவர்களும் நர்சுகளுமாகிய நீங்கள் என் அனுபவங்களைச் சொல்லச் சொன்னீர்கள். ஆபரேஷன் தியேட்டர் வீரக் கதைகளை எதிர்பார்த்திருப்பீர்கள். அவை எனக்குப் பெரிய சோதனையாக இருந்ததில்லை. கத்தி கையில் இருந்தால் நமக்குத் தைரியம் தானாக வந்துவிடும். ஊசி போடாமல், எதுவும் எழுதிக் கொடுக்காமல், நாலு பேர் கத்தும்போது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய நாட்கள்தான் என்னை வதைத்தவை. அப்படி ஒரு நாளைச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சந்தைப் பெண்ணுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேருக்கு இதை நோயாளிக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரியாது. கருவைத் தாங்கி நிற்பது ஒரு ஹார்மோன். முதல் மாத்திரை அந்த ஹார்மோன் வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. கருப்பையின் உள்பூச்சு தளர்கிறது, கரு வளர்வது நிற்கிறது, கருப்பை வாய் இளகுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு அன்றைக்கு உடம்பில் ஒன்றுமே தெரியாது. சோறு ஆக்குவார்கள், பஸ் ஏறுவார்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் இரண்டாவது மருந்து. கன்னத்துக்குள் அடக்கிக்கொள்ளும் நாலு சின்ன மாத்திரைகள். அவை கருப்பையைச் சுருங்க வைக்கும். வலியும் ரத்தப்போக்கும் கட்டிகளும் அதற்குப் பிறகு. சில மணி நேரம் கடுமையாக இருக்கும், பிறகு தணிந்து, மாதவிலக்கு மாதிரி ஒன்றிரண்டு வாரம் போய் நின்றுவிடும். ஒன்பது வாரம் வரைக்கும் இப்படிச் செய்ய நம் சட்டம் அனுமதிக்கிறது.

இதைச் சொல்ல ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது. ஆனால் யாரும் சொல்வதில்லை. கடைக்காரர் பெட்டியைக் காகிதத்தில் சுற்றித் திருட்டுச் சாமான் மாதிரி நீட்டுகிறார். வாங்கிக்கொண்டு போகிறவன் ஐந்து மாத்திரையையும் ஒரே மடக்கில் விழுங்கச் சொல்கிறான். கரு கருப்பையில் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தால் இந்த மருந்தால் எந்தப் பயனும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. லேசாக ரத்தம் பட்டதும் முடிந்தது என்று நினைத்து ஆபீசுக்குப் போய், குழாய் வெடித்து, டாக்சியில் சுருண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் யார் வந்தாலும் முதலில் பரிசோதனை, பிறகு பேச்சு, அதற்குப் பிறகே மருந்து.

நான் சொல்ல வந்த செல்வி அந்த மூன்றையும் முறையாகச் செய்துகொண்டவள். அதுதான் வேடிக்கை.

நான் அப்போது அலிப்பூர் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தேன். செல்வி சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் பிடித்து, ஆற்றைக் கடந்து வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கணவர் இசக்கிமுத்து யார்டில் வண்டிகளைப் பரிசோதிக்கிற டெக்னீஷியன், ஷிஃப்ட் வேலை. இவ்வளவு தூரம் ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, "அங்கன எல்லாருக்கும் அவியளத் தெரியும் டாக்டரம்மா" என்றாள், கணவரைச் சொல்லி. கூட வந்தது பக்கத்து வீட்டு வங்காளப் பெண். அண்ணி என்கிற அர்த்தத்தில் செல்வி அவளைப் பௌதி என்று கூப்பிட்டாள். இருவருக்கும் பொதுவாக இருந்த ஹிந்தி மொத்தம் ஐம்பது வார்த்தை இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு இத்தனை பெரிய காரியத்துக்குத் துணையாக வந்திருந்தாள்.

செல்விக்கு மூத்தது பெண், பள்ளிக்கூடம் போகிறாள். இளையவன் கைக்குழந்தை. அவனைச் சிசேரியனில் எடுத்தார்கள், ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. "குனிஞ்சா இன்னும் தையல் போட்ட எடம் இழுக்கு" என்றாள். அதற்குள் மறுபடியும் கரு நின்றுவிட்டது.

"ஏம்மா, ஏதாவது பாதுகாப்பு பண்ணிக்கலையா?"

"பால் குடுக்கும்போது நிக்காதுன்னாவ."

இதை யார் சொன்னார்கள் என்று கேட்பதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். எல்லாரும்தான் சொல்கிறார்கள். முதல் ஆறு மாதம், வேறு எதுவும் கொடுக்காமல், ராத்திரியும் பகலும் பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் வராமல் இருந்தால் ஓரளவுக்கு அது உண்மை. அந்த நிபந்தனைகளையெல்லாம் வழியில் உதிர்த்துவிட்டு, வாக்கியத்தை மட்டும் ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள். செல்வியின் பையன் பருப்புச் சாதம் சாப்பிட ஆரம்பித்து வெகு நாளாகியிருந்தது.

ஸ்கேனில் கரு கருப்பைக்குள்தான் இருந்தது. ஏழு வாரம் இருக்கும். ரத்தம் குறைவாக இல்லை. எல்லாவற்றையும் விளக்கினேன், கேட்டுக்கொண்டாள், கேள்வி கேட்டாள், முதல் மாத்திரையை என் முன்னால் விழுங்கினாள். வீட்டில் மைனி என்று அவள் கூப்பிடும் மூத்த நாத்தனார் வந்து தங்கியிருப்பதால் இரண்டாவது மருந்தை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றாள். நாளை மறுநாள் காலையில் வரச் சொல்லி அனுப்பினேன்.

அவள் அன்று காலையில் வந்தாள். கூடவே கணவர் வந்தார், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நாத்தனார் வந்தார், நாலடி பின்னால் திருட்டு முழியோடு பௌதியும் வந்தாள்.

நடந்தது இதுதான். முந்தின நாள் பௌதி நலம் விசாரிக்கப் போயிருக்கிறாள். செல்வி குளித்துக்கொண்டிருக்க, நாத்தனார் கதவைத் திறந்திருக்கிறார். நல்ல மனசோடு பௌதி தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, கையைக் கீழ்நோக்கி அசைத்து, "ஹோ கயா?", முடிந்ததா, என்று கேட்டிருக்கிறாள். நாத்தனாருக்கு ஹிந்தி தெரியாது. அதற்கு ஹிந்தி தேவைப்படவும் இல்லை.

வெளி நோயாளிகள் பகுதி நிரம்பி வழிந்த காலை. இசக்கிமுத்து உள்ளே வந்ததும் உட்காரவில்லை.

"மேடம், என் பொண்டாட்டிக்கு நீங்க என்ன மருந்து குடுத்திய? எனக்குத் தெரியாம எப்படிக் குடுக்கலாம்?"

நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. செல்வியைப் பார்த்து, "இவங்க முன்னாடி உன்னைப் பத்திப் பேசலாமா?" என்று கேட்டேன். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். வந்தவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்தாலும், கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாது. செல்வி தலையை மட்டும் ஆட்டினாள். முகம் வீங்கியிருந்தது. உட்காரும்போது கைகளை நெஞ்சுக்கு முன்னால் விலக்கி வைத்துக்கொண்டு, எதுவும் மேலே பட்டுவிடாமல் உட்கார்ந்தாள். அழுதிருக்கிறாள், தூங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"முறிவு மருந்து குடுங்க" என்றார் இசக்கிமுத்து. "வெசத்துக்கே முறிவு இருக்கு. இதுக்கு இல்லாமயா போவும்?"

"இதுக்கு முறிவு கிடையாதுங்க."

"அப்பம் அந்த ரெண்டாவது மாத்திரையப் போடலன்னா பிள்ள தங்கிருமா?"

"தங்கலாம். தங்காமலும் போகலாம். யாராலும் உறுதி சொல்ல முடியாது. முதல் மாத்திரையோட நிறுத்தினா திடீர்னு ரத்தம் அதிகமாப் போகவும் வாய்ப்பு இருக்கு."

"இது என்ன பதிலு?"

"உண்மையான பதில்."

 குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தது, நாத்தனார் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். "நீங்க பெரிய டாக்டராத்தான் இருப்பிய. ஆனா ஆம்பளைட்ட ஒரு வார்த்த கேக்காம ஒரு உசுர எடுக்கதுக்கு யாரு உங்களுக்கு அதிகாரம் குடுத்தது?" என்றார். சத்தம் போடவில்லை. அதனாலேயே வெளியே இருந்தவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

அடுத்த மேஜையில் எனக்குக் கீழே வேலை பார்த்த இளம் டாக்டர் உட்கார்ந்திருந்தார். வங்காளிப் பையன், கெட்டிக்காரன், பெயர் வேண்டாம். இசக்கிமுத்து அவரிடம் திரும்பி ஹிந்தியில் முறையிட்டார். நான் செல்வியிடம் பேச ஆரம்பிப்பதற்குள் இவர் சீட்டை இழுத்து ஹார்மோன் ஊசி எழுத ஆரம்பித்துவிட்டார். எங்கேயோ வெளிநாட்டில் இப்படி ஊசி போட்டு முதல் மாத்திரையை மாற்றிவிடுகிறார்கள் என்று வீடியோவில் பார்த்தாராம்.

"அது வேலை செய்யுதுன்னு நிரூபணம் இருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"சரியா இல்லை மேடம். ஆனா அவர் ரொம்ப அப்செட்டா இருக்கார். ஏதாவது செஞ்சா நல்லதுன்னு..."

"ஊசி யாருக்கு? அவருக்கா, அவளுக்கா?"

பையன் சீட்டைக் கிழித்தார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் இதை மறக்கக் கூடாது. கத்துகிறவரைச் சமாதானப்படுத்துவதற்காக, கத்தாமல் உட்கார்ந்திருப்பவரின் உடம்பில் மருந்தை ஏற்றாதீர்கள். நம் தொழிலில் பாதித் தவறு இப்படித்தான் நடக்கிறது. மேலும் அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று அந்த அறையில் இன்னும் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து நிர்வாக அலுவலகத்திலிருந்து போன். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். "மேடம், கணவரின் கையெழுத்து ஏன் வாங்கவில்லை?"

"சட்டத்தில் இல்லாததால் வாங்கவில்லை. பதினெட்டு வயது தாண்டிய பெண்ணுக்கு அவள் சம்மதம் போதும்."

"ஒரு பாதுகாப்புக்காக வாங்கி வைக்கலாமே."

"யாருடைய பாதுகாப்புக்கு?" என்று கேட்டேன். அவர் பிறகு பேசுவதாகச் சொன்னார். இந்த உரையாடல் என் வேலைக் காலத்தில் எத்தனை முறை நடந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஆள் மாறுவார், கேள்வி மாறாது. உங்களிடமும் கேட்பார்கள். சலிக்காமல் பதில் சொல்லுங்கள். நான் சலித்துக்கொண்டேதான் சொன்னேன், ஆனால் சொன்னேன்.

போனை வைத்துவிட்டு, செல்வியைத் தவிர எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். இசக்கிமுத்து நகரவில்லை. கதவருகே நின்ற பௌதி என்னிடம் வங்காளத்தில், "ஓ கிச்சு போஜே நா" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியாது என்று அர்த்தம். அப்படியே அவர் சட்டைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போய்விட்டாள். அவரும் போனார். செய்த குளறுபடிக்கு அவள் அன்று ஓரளவு ஈடு கட்டினாள் என்றே சொல்ல வேண்டும்.

கதவை மூடினேன்.

"செல்வி, அவங்க சொல்றதை விடு. நீ என்ன நினைக்கிறே? நிறுத்திக்கலாம்னா நிறுத்திக்கலாம். அடிக்கடி வந்து காட்டணும், நான் பார்த்துக்குவேன். தொடரணும்னா தொடரலாம். எதுன்னாலும் உன் முடிவு. ஒண்ணு மட்டும், ரெண்டாவது மருந்தைப் போட்டுட்டா பாதியில நிறுத்த முடியாது. அது வளர்ற கருவுக்குக் குறை உண்டாக்கலாம்."

அவள் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நோயாளிகளின் டோக்கன் எண் நகராததால் முணுமுணுப்பு. நர்ஸ் ஒரு முறை எட்டிப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது, மறைப்பானேன். முந்தாநாள் இவ்வளவு தெளிவாகப் பேசியவள் இப்போது வாயைத் திறக்காமல் இருக்கிறாளே, ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன என்று இருந்தது. ஆனால் அந்த மௌனத்தை நான் நிரப்பினால், அதில் விழுவது என் முடிவாக இருக்கும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கடைசியில் அவள் கேட்டது நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை.

"டாக்டரம்மா, பால்ல வெசம் ஏறிருக்குமா?"

"எந்தப் பால்ல?"

"எம் பால்லதான். மாத்திரை போட்டா பால்ல வெசம் ஏறிரும், புள்ளைக்குக் குடுத்தா அவனும் போயிருவான்னு மைனி சொன்னாவ. நேத்து சாயந்திரத்துலருந்து குடுக்கல. மாவு கரைச்சுக் குடுத்தா துப்புதான். ராத்திரி பூரா அழுதான். எனக்கும் கட்டிப்போயி கல்லு மாதிரி கெடக்கு. மாத்திரை போட்டப்புறம் நேத்து மத்தியானம் வர அவனுக்குக் குடுத்திருக்கேன். அவனுக்கு ஏதும் ஆயிருமா? ரெண்டாவதும் போட்டா எத்தன மாசத்துக்குக் குடுக்கக் கூடாது?"

இதுதான் அவளை அடைத்துக்கொண்டிருந்தது. வயிற்றில் இருப்பதைப் பற்றி அவளுக்குக் குழப்பமே இல்லை. தோளில் கிடந்து சிணுங்குகிறவனைக் கொன்றுவிட்டோமோ என்று ராத்திரி முழுக்க அவன் மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் எல்லாரும் முறிவு மருந்தையும் கையெழுத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணும் ஆகாது. முதல் மாத்திரை பால்ல ரொம்பக் கொஞ்சம்தான் போகும். ரெண்டாவதும் அப்படித்தான், சில மணி நேரத்துல அதுவும் போயிடும். குழந்தைக்கு லேசா வயித்துப்போக்கு வந்தா வரலாம், அவ்வளவுதான். நிறுத்தவே வேண்டாம்."

"நெசமாவா?"

"நிஜமா."

நானே எழுந்துபோய் நாத்தனாரிடமிருந்து குழந்தையை வாங்கி வந்தேன். அவர் கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தார். செல்வி புடவையை விலக்குவதற்குள் அவன் முட்டி மோதிப் பிடித்துக்கொண்டான். வலியில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவன் குடித்து முடிக்கும்வரை நான் அடுத்த டோக்கனைக் கூப்பிடவில்லை. வெளியே டோக்கன் முணுமுணுப்பு கூச்சலாகிவிட்டிருந்தது. ஆகட்டும் என்று விட்டேன்.

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் சொன்னாள். "எனக்கு இது வேண்டாம் டாக்டரம்மா. மொத நாளே வேண்டாம்னுதான் வந்தேன். இன்னொரு தடவ என்னைய கிழிச்சா இதுவளுக்கு யாரு இருக்கா?"

இன்னொரு முறை கேட்டேன். அதே பதில்.

"அவர்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லுதேன்."

இசக்கிமுத்தைக் கூப்பிட்டோம். அவள் சொன்னாள், இரண்டே வாக்கியத்தில். அவர் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னேன். நாளு தள்ளிருக்குன்னு போன்ல சொன்னேன். 'நல்லதுதான, வண்டி வந்துட்டு, அப்புறம் பேசுதேன்'னு வச்சிட்டிய. மறுநாளும் சொன்னேன், எனக்குப் பயமா இருக்குன்னு. தூக்கம் வருதுன்னு படுத்திட்டிய."

அவர் செல்வி பக்கம் திரும்பினார். நல்ல பதில் ஒன்று வரப்போகிறது என்று நான்கூட ஒரு கணம் நம்பினேன்.

"அக்காட்ட நான் இப்பம் என்ன சொல்ல?" என்றார்.

கடவுளே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, செல்வியை வார்டுக்கு அனுப்பினேன்.

மாத்திரைகளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வலிக்கு மாத்திரை முன்பே கொடுத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தது. இந்த மருந்துக்கு அது வழக்கம்தான், காய்ச்சலும் அடிக்கும், தானே இறங்கும். இசக்கிமுத்து வார்டிலிருந்து ஓடி வந்து, "சாவக் கெடக்கா மேடம்" என்றார். போர்வை கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு நடுக்கம் நின்றது. நின்றதும் ஒன்றும் நடக்கவில்லை என்று ஓடி வந்தார். மத்தியானம் கழிந்தும் ரத்தம் ஒரு பொட்டுக்கு மேல் படவில்லை. சிலருக்கு அப்படித் தாமதமாகும். இப்போது இளம் டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"மேடம், உறிஞ்சி எடுத்துவிடலாமா? அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்."

"அவளுக்கு என்ன ஆச்சு?"

"ஒன்றும் ஆகவில்லை."

"ஒன்றும் ஆகாதவளை ஏன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும்?"

"கணவர் நாலாவது முறை வந்து கேட்டுவிட்டார்."

காலையில் ஊசி, மத்தியானம் தியேட்டர். இரண்டுக்கும் காரணம் வராந்தாவில் நடந்துகொண்டிருந்த அதே மனிதர். பையனை உட்கார வைத்தேன். எதைப் பார்த்தால் ஓட வேண்டும் என்று தெரிந்தவன்தான் நிம்மதியாக உட்கார முடியும். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்து, அப்படியே இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் ஓடு. தலை சுற்றி விழுந்தால் ஓடு. மருந்து போட்டு மறுநாளும் காய்ச்சல் இருந்தால், நாற்றமடித்தால், வயிற்றில் ஒரு பக்கமாக வலி குத்தினால் ஓடு. முழுதாக ஒரு நாள் போயும் ரத்தமே வராவிட்டால் மறுபடி ஸ்கேன் எடு, அடுத்த சுற்று மருந்தை யோசி. அதுவரை நாடியைப் பார், ரத்த அழுத்தத்தைப் பார், அவள் முகத்தைப் பார். நம்மால் ஒன்றும் முடியாததால் நாம் உட்கார்ந்திருக்கவில்லை. மருந்துக்கு அதன் நேரத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். நோயாளியின் உறவினருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும்.

டீ நேரம் தாண்டி வலி பிடித்தது. பிறகு வேகமாக வந்தது. செல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். ஒரு கட்டத்தில் நாப்கின் வேகமாக நனைய ஆரம்பித்தது. முந்தின பிரசவத்தில் ரத்தம் ஏற்றியவள். எழுந்து அவள் கட்டிலுக்கே போய் நின்றுகொண்டேன். ரத்த வங்கிக்குச் சொல்லி வைக்கும்படி இளம் டாக்டரிடம் சொன்னேன். அதற்குள் கட்டியாக வெளியேறிவிட்டது. நர்ஸ் பார்த்துச் சொன்னார், நானும் பார்த்தேன். அப்புறம் ரத்தம் தணிந்தது. இன்னும் தணிந்தது. செல்வி சோறு கேட்டாள்.

பௌதி எங்கிருந்தோ ஒரு டிபன் டப்பா கொண்டு வந்தாள். சோறும் பருப்பும். நாத்தனார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவுமில்லை, வீட்டுக்குப் போகவுமில்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்து காட்டச் சொல்லியிருந்தேன். பாதிப் பேர் வர மாட்டார்கள், ரத்தம் நின்றால் டாக்டர் எதற்கு. செல்வி வந்தாள். கூட வந்தது குழந்தையோடு நாத்தனார். எனக்கு அந்தக் காலையில் இன்னொரு சண்டைக்குத் தெம்பு இல்லை. சீக்கிரமாகப் பரிசோதித்தேன், கருப்பை சுத்தமாக இருந்தது. காப்பர்-டி வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன், சரி என்றாள். நர்ஸோடு உள்ளே போனாள்.

நாத்தனார் போகவில்லை. நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு பால்ல ஒண்ணும் ஏறாதுன்னு சொன்னியளாமே. அது எல்லா மாத்திரைக்குமா, இப்பம் வந்த மாத்திரைக்கு மட்டுமா?"

"ஆரம்பத்திலிருந்தே இதே மாத்திரைதான். ஏன் கேக்கறீங்க?"

அவர் தன் வளையலைத் திருப்பிக்கொண்டே சொன்னார். அவருடைய இரண்டாவது பையனுக்கு அஞ்சு மாதமாக இருக்கும்போது அவருக்கும் கரு நின்றிருக்கிறது. கணவருக்குச் சொல்லவில்லை. ஊரிலேயே இதே மாத்திரை. பாலை நிறுத்திவிட்டார். பையன் மூன்று நாள் அழுதான், பிறகு புட்டிக்குப் பழகினான். அந்த வருஷம் முழுக்க அவனுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தான். தண்ணீர் சரியில்லை என்றார்கள். இப்போதும் அவன் வயதுப் பிள்ளைகளைவிட ஒரு சாண் உயரம் குறைவாகத்தான் இருப்பான்.

எனக்கு அன்றைய எரிச்சல் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. எந்தக் கிழவி, எந்தக் கடைக்காரன், எந்த வாட்ஸ்அப் என்று தெரிந்துகொள்ளாமல் ஆறாது போலிருந்தது.

"பாலை நிறுத்தணும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"டாக்டருதான் சொன்னாவ" என்றார் அவர். "உங்கள மாதிரி ஒரு டாக்டரம்மா. எத்தன நாளைக்கு நிறுத்தணும்னு கேட்டேன். அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாவ."

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அந்த டாக்டர் சொன்னது தவறு, நீங்கள் நிறுத்தியிருக்க வேண்டியதில்லை, ஆனால் டாக்டர் சொன்னதைக் கேட்டது உங்கள் குற்றமில்லை. முடிந்தவரை மெதுவாகத்தான் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து செல்வி வந்ததும் எழுந்து, மடியில் கிடந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார். கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"இப்பம் சொல்லுதிய" என்றார்.